இருபத்தோரு நாள் எலும்பு

இசக்கியம்மாளின் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் நீள எலும்பு, ஜனவரி பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு முறிந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த நிமிஷத்தில்தான் வெளியூர் அணிகள் சாப்பாட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார்கள். கபடி ஆட்டத்தில் இசக்கி பாடிப் போய், எதிரணியின் போனஸ் கோட்டுக்கு அப்பால் காலை ஊன்றித் திரும்பினாள். பாதம் வெளிப்பக்கமாக மடங்கியது. மடங்கிய பாதத்தின் மேல், அந்த அணியிலேயே கனத்தவளாகப் பார்த்து ஒருத்தி விழுந்தாள். போனஸ் புள்ளி கிடைத்தது. டோக்கனை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

இசக்கிக்கு இருபத்து நான்கு வயது. திருநெல்வேலியில் கருணையம்மாள் ஜவுளி மாளிகையின் இரண்டாவது மாடியில், பட்டுச் சேலைப் பிரிவில் வேலை. தங்குவது கடை விடுதியில். காலை ஐந்திலிருந்து ஏழு வரை கபடிப் பயிற்சி, ஒன்பதரைக்குக் கடை. மாதத்துக்கு ஒரு நாள் கிடைக்கும் விடுப்பை அவள் போட்டிகளுக்குச் செலவழித்தாள். அன்றைய விடுப்பு இப்படிச் செலவாயிற்று.

முறிந்ததைவிட முறிந்த தேதிதான் கவலை. பிப்ரவரி இருபத்து மூன்றில் தென்கடல் உப்பு வாரியத்தின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அணியில் சேர்ந்தால் வாரியத்திலேயே எழுத்தர் வேலை. எழுத்தருக்கு நாற்காலி உண்டு. இதை இசக்கி வாரியத்துக்கு நேரில் போய், ஜன்னல் வழியாகப் பார்த்து, உறுதி செய்துகொண்டு வந்திருந்தாள். கைப்பிடி வைத்த நாற்காலி.

"மூணு மாசம் ஆகும்" என்றார் எலும்பு டாக்டர் பெனடிக்டா, படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டு. "இந்த இடத்துல ரத்த ஓட்டம் கம்மி. அவசரப்பட்டா திரும்ப உடையும்."

"எனக்கு முப்பத்தஞ்சு நாளுதான் இருக்கு டாக்டர்."

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், அரிசிக் கஞ்சி ஆறிப்போன பதத்தில் ஏதோ இருந்தது.

"இது எலும்புப் பசை. சோதனை முறையிலதான் போடுறோம், அதனால இலவசம். முறிஞ்ச இடத்துல ஊசியால செலுத்திடுவோம். இருபத்தோரு நாள்ல எலும்பு கூடிடும். ஆனா ஒரு விஷயம். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அந்த இருபத்தோரு நாளும் நீங்க முழிச்சிருக்கும்போது கால் என்ன பண்ணுதோ, அதைப் பாத்துப் படிக்கும். அதுக்குத் தக்கபடிதான் எலும்பு வளரும். இருபத்திரெண்டாம் நாள் புத்தகத்தை மூடிடும். அப்புறம் எதைச் சொன்னாலும் ஏறாது."

"கபடி படிக்குமா?"

"கபடி ஆடினா கபடி படிக்கும். போன மாசம் ஒரு தாசில்தாருக்குப் போட்டோம், லீவுல இருந்தவர். நடங்க நடங்கன்னு சொன்னேன். மனுஷன் இருபத்தோரு நாளும் உட்கார்ந்து டிவி பாத்திருக்கார். இப்ப அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்புல நின்னா பாதம் துவளுது. உட்கார்ந்தா ராஜா மாதிரி இருக்கார்."

"சரி, போடுங்க" என்றாள் இசக்கி.

ஒரு படிவம் கொடுத்தார்கள். வேலை என்ன என்று கேட்டிருந்தது. ஜவுளிக்கடை விற்பனை என்று எழுதினாள். அதன் கீழே மூன்று வரிகள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள்? விடுதியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து விடுதிக்கும் சேர்த்து அரை மணி. எவ்வளவு நேரம் ஓடுகிறீர்கள்? பயிற்சியில் மட்டும். எவ்வளவு நேரம் பளு தூக்குகிறீர்கள்? இல்லை. நான்காவது வரி கிடையாது. கையெழுத்துப் போட்டாள்.

"வேலைக்குப் போலாமா டாக்டர்? மூணு நாளுதான் லீவு. அதுக்கு மேல போனா வேற பிள்ளைய வச்சிருவாங்க. விடுதியையும் காலி பண்ணணும்."

"பளு தூக்குற வேலையா?"

"இல்ல, சும்மா நிக்குற வேலைதான்."

"அப்ப போங்க. பசை போட்டதும் மாட்டி விடுற இந்த பூட்ஸை மட்டும் கழட்டாதீங்க."

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டாக்டர் பெனடிக்டா ஜவுளிக்கடைக்குப் போகாதவர் அல்ல. ஆனால் போனபோதெல்லாம் உட்கார்ந்து பார்த்தவர். எதிரே சேலையை விரித்துப் போடுகிற பெண்ணை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறார். இசக்கியோ, ஆறு வருஷமாக ஒரே வார்த்தையைக் கேட்டுப் பழகியவள். கூட்டம் இல்லாத நேரத்தில் சூப்பர்வைசர் தனுஷ்கோடி அண்ணாச்சி வருவார். "சும்மாத்தான நிக்க, அந்த அடுக்கைப் பிரிச்சு மடி" என்பார். நிற்பது கால் செய்கிற காரியம் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் நினைத்ததில்லை.

கடையில் ஸ்டூல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சட்டப்படி மாடிக்கு ஆறு ஸ்டூல் இருந்தது. இரண்டாவது மாடியில் ஐந்து ஸ்டூல்களின் மேல் சேலைப் பெட்டிகள் இருந்தன. ஆறாவதில் பாவாடை சட்டை போட்ட குழந்தை பொம்மை ஒன்று உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த மாடியில் கடை நேரத்தில் உட்கார அனுமதி பெற்ற ஒரே ஆள் அதுதான்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி பசையைப் போட்டார்கள். அன்று முதல் டாக்டர் எழுதித் தந்த அட்டவணையை இசக்கி ஒரு வரி விடாமல் செய்தாள். முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அடுத்த வாரம் பக்கவாட்டில் எட்டு வைப்பது. கடைசி வாரம் பூட்ஸோடு மெல்லப் பாடிப் போய் வருவது. கோச் ஆவுடையப்பன் காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, நோட்டில் டிக் போடுவார்.

"மெதுவா போ பிள்ள. எலும்பு பாத்துக்கிட்டு இருக்கு" என்பார்.

"பாக்கட்டும் சார்."

ஏழு மணிக்கு டிக் முடியும். ஒன்பதரைக்கு இசக்கி பட்டுச் சேலைப் பிரிவில் வந்து நிற்பாள்.

ஒன்பதாம் நாள் ஒரு மாற்றம் தெரிந்தது. வழக்கமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாப் பெண்களுக்கும் கணுக்கால் வீங்கும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார்கள். தூணில் முதுகைச் சாய்ப்பார்கள். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிற சாக்கில் அரை நிமிஷம் குந்துவார்கள். அன்று இசக்கிக்கு இடது கால் வலித்தது. வலது கால் வலிக்கவில்லை. எடையை வலது காலுக்கு மாற்றினாள். பாதம் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது.

"ஏட்டி, ஒனக்குக் கால் நோகலயா?" என்று கேட்டாள் ஜெபக்கனி. பக்கத்து மேஜைக்காரி, முப்பத்தொரு வயது, பத்து வருஷ சர்வீஸ். ஊருக்குப் போய் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். பத்து வருஷமாக அடுத்த தீபாவளிக்குப் பிறகு போவதாக இருந்தாள்.

"ஒடிஞ்ச காலு நோகல கனியக்கா. நல்ல காலுதான் நோவுது."

"கொடுத்து வச்சவ."

பதினான்காம் நாள் தனுஷ்கோடி அண்ணாச்சியும் கவனித்துவிட்டார். அவர் பெண்களின் கால்களைக் கவனிக்கிறவர் என்றால் தப்பாக நினைக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் நின்று, இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக் கிடக்கிற மனிதர். யார் எப்போது தூணில் சாய்வார்கள் என்பது அவருக்குத் தன் காலை வைத்தே தெரியும்.

"ஏ பிள்ள, நீ காலையில இருந்து சாயவே இல்லையே."

இசக்கி பசை விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி ஒன்று விடாமல் கேட்டார். எந்த எலும்பு? எந்த ஊசி? எத்தனை நாள்? கடைசியில், "எனக்குப் போடுவாங்களா?" என்றார்.

"அம்பது வயசுக்கு மேல கிடையாதாம் அண்ணாச்சி. எலும்பும் ஒடிஞ்சிருக்கணும்."

"அது சரி" என்றார் அவர். தன் ஐம்பத்து மூன்று வயதுக்கு வருந்திக்கொண்டே போனார்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி டாக்டர் பெனடிக்டா பூட்ஸைக் கழற்றிப் படம் எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அருமையா கூடியிருக்கு. முறிஞ்ச தடமே தெரியல." பிறகு டிரெட்மில்லின் ஓடுகிற பட்டையில் ஏற்றினார். இசக்கி நடந்தாள், தடை இல்லை. பட்டை வேகம் கூடியதும் இடது கால் ஓடியது. வலது கால், ஒவ்வொரு முறையும் பதிந்த இடத்திலேயே இருந்துவிடப் பார்த்தது. மூன்றாவது எட்டில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பட்டையை நிறுத்திவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை வேறு மாதிரிப் பார்த்தார்.

"இது வளைஞ்சு கொடுக்குற எலும்பு இல்ல. தூண் மாதிரி இருக்கு. இந்த இருபத்தோரு நாளும் என்ன பண்ணீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் பண்ணேன்." நோட்டை நீட்டினாள். எல்லா டிக்கும் இருந்தன.

"அது போக?"

"ஒண்ணும் இல்லையே. சும்மா நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"கடை நேரம்தான்."

"கடை நேரம்னா?"

இசக்கி சொன்னாள். டாக்டர் லீவு போகப் பதினெட்டு நாளுக்கு ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். கபடி நாற்பத்திரண்டு மணி நேரம். நின்றது நூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி நேரம்.

"எலும்புக்கு எது முக்கியம்னு தெரியாதும்மா. எது பாதிக்கு மேல இருக்கோ, அதை எடுத்துக்கும். உங்க பாதம் இனிமே நிக்கிறதுக்குன்னே ஆன பாதம். நாள் முழுக்க நில்லுங்க, வலிக்காது. ஓட வராது. குந்தி உட்கார வராது. நாற்காலியில உட்கார்ந்தாக்கூட, பழகின பாரம் இல்லையேன்னு குடையும்."

நாற்காலி என்ற வார்த்தையில் இசக்கி நிமிர்ந்தாள்.

"மாத்த முடியாதா?"

"திரும்ப அதே இடத்துல உடைஞ்சா திரும்பப் படிக்கும். ஆனா உடைக்கிறதுக்கு நான் படிக்கல." டாக்டர் மேஜை மேல் இருந்த படிவக் கட்டை எடுத்து, மேல் தாளைப் புரட்டினார். "இதுல நிக்கிறதுக்குன்னு ஒரு வரி இருந்திருக்கணும். கேட்டிருக்கணும் நான். கம்பெனிக்கு இன்னிக்கே எழுதுறேன்."

அன்றே எழுதினார். கம்பெனியும் நன்றி சொல்லிப் பதில் போட்டது. அடுத்த மாதம் அச்சான படிவத்தில் நான்காவது வரி இருந்தது. அது பிறகு வருகிறது.

விடுதிக்குத் திரும்பிய பஸ்ஸில் இசக்கிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள். வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் பாதம் குடைய ஆரம்பித்தது. எழுந்து நின்றாள். குடைச்சல் நின்றது. காலி சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர், "எறங்கப் போறியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள்.

ஆவுடையப்பன் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு நோட்டை மூடிப் பையில் வைத்தார். மறுநாள் காலை அவளை மைதானத்தின் இடது மூலையில் நிறுத்தினார்.

"பாடிப் போறது முடிஞ்சு போச்சு. இனிமே வர்றவளைப் பிடி. கார்னர் நில்லு."

"நான் பிடிச்சதே இல்லையே சார்."

"பிடிக்க வேண்டாம். அவ காலு ஒன் கைக்கு வந்ததும் விடாம நில்லு. நிக்கத்தான வருது ஒனக்கு?"

உப்பு வாரியத் தேர்வில் அவள் எதிரே பாடி வந்தவர்கள் பதினாறு பேர். முதல் ஒன்பது பேர் அவள் பக்கம் வந்து புள்ளி எடுத்துப் போனார்கள். ஓட முடியாதவளிடமிருந்து புள்ளி எடுப்பது பெரிய வித்தை இல்லை. பத்தாமவள் அவசரப்பட்டுக் கிட்டத்தில் வந்தாள். இசக்கி கணுக்காலைப் பிடித்தாள். வலது பாதத்தை ஊன்றி நின்றாள். அந்தப் பெண் இழுத்தாள், உருண்டாள், முழங்கையால் தள்ளினாள். பிறகு ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டவள்போலத் திரும்பிப் பார்த்தாள். பதினாறில் நான்கு பேர் அப்படி மாட்டினார்கள். தேர்வுக்குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது என்ன கால்மா?" என்று கேட்டார்.

"கடையில நின்ன காலு சார்" என்றாள்.

மாற்று ஆட்டக்காரியாக எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் ஏழாம் தேதி பணியில் சேர வேண்டும். உத்தரவுத் தாள் மார்ச் மூன்றாம் தேதி வந்தது. மாளிகையின் விதிப்படி வேலையை விடுகிறவர்கள் ஒரு மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாதம் முழுவதும் வேலை பார்த்தாக வேண்டும். அதற்கு நடுவில் கடையும் அனுப்ப முடியாது, அவர்களும் போக முடியாது. இசக்கி எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் முத்திரை குத்தினார். மறுநாள் சம்பளப் பிடித்தத்தில் லீவு வாங்கி ஊருக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் தங்கி, மார்ச் ஏழாம் தேதி காலை கடைக்குத் திரும்பினாள்.

இரண்டாவது மாடியில் ஜெபக்கனி வலது காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அப்பால் அமலோற்பவம், அவள் காலிலும் பூட்ஸ். அதற்கு அப்பாலும் பூட்ஸ். இசக்கி எண்ணினாள். மாடியில் பன்னிரண்டு பெண்கள். அவளைத் தவிரப் பதினோரு பேர். பதினோரு வலது கால்கள்.

"என்ன கனியக்கா இது?"

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்."

"இவுங்க?"

"எல்லாரும் அதே படிதான்" என்றாள் ஜெபக்கனி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேத்து கடையில வெளியூர் டாக்டர் ஒருத்தரை வச்சு முகாம் போட்டாங்க. மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் ஒடிச்சாங்க. ஒண்ணும் தெரியல. பசையும் அன்னைக்கே போட்டாச்சு. நானாத்தான்ட்டி சரின்னேன். யாரும் மிரட்டல. பத்து வருசமா நோவுது. ஒரு நாளு ஒடிச்சா ஆயுசுக்கும் நோகாதுன்னா நீ என்ன சொல்லுவ?"

இசக்கியும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஜெபக்கனி மேஜை மேலிருந்த தன் படிவத்தைக் காட்டினாள். புதுப் படிவம். நான்கு வரிகள். நிற்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்ற இடத்தில், பதினொரு மணி நேரம் என்று எழுதியிருந்தது. பதினோரு படிவங்களிலும் அதே பதினொன்று, அதே கையெழுத்து. தனுஷ்கோடி அண்ணாச்சியின் கையெழுத்து நன்றாக இருக்கும்.

"இது எத்தனாவது நாளு?"

"இன்னைக்குத்தான் மொத நாளா எண்ணணும்னாங்க."

"அக்கா, இப்படியே நின்னா இது நிக்க மட்டுந்தான் படிக்கும். எனக்கு ஓட வராது. குந்த வராது. பஸ்ஸுல சீட்டு கெடைச்சா உக்கார முடியல. அங்க குடுக்கப்போற நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் நான் எழுதணும்." ஜெபக்கனியின் பூட்ஸைக் காட்டினாள். "உக்காந்து மிஷின் மிதிக்க வராது கனியக்கா."

ஜெபக்கனி பூட்ஸைக் குனிந்து பார்த்தாள். பத்து வருஷத் திட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை விழும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அப்போ?"

"பாதிக்கு மேல என்ன செய்யுதமோ, அதைத்தான் எடுத்துக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உக்காந்தா உக்காருறதைப் படிக்கும். மிதிச்சா மிதிக்கிறதைப் படிக்கும். ரொம்ப நேரம் நிக்கத்தான் முடியாமப் போகும்."

"நிக்க முடியாமப் போனா இங்க எப்படி வேலை பாக்க?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"உக்காந்து" என்றாள் இசக்கி.

பதினோரு பேரும் குழந்தை பொம்மையைப் பார்த்தார்கள். அது வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெபக்கனிதான் போய் அதை இடுப்பில் தூக்கி, அலமாரி மேல் வைத்தாள். பாவாடையைச் சரி செய்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். மற்ற ஐந்து ஸ்டூல்களிலிருந்தும் பெட்டிகள் இறங்கின. ஆறு ஸ்டூல், பதினோரு பேர். அரை மணிக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. இசக்கி மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினொன்றில் ஆறு, பாதிக்கு மேல். அவளுக்கு ஸ்டூல் தேவைப்படவில்லை. அதனால்தான் கணக்கு சரியாக வந்தது.

பத்தரைக்குக் கல்யாணக் கோஷ்டி ஒன்று வந்தது. பெண்கள் உட்கார்ந்தபடியே சேலைகளை விரித்தார்கள். உட்கார்ந்திருந்த ஆறு பேரும் மேஜைக்கு அடியில் வலது காலால் இல்லாத மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். கோஷ்டி ஏழு பட்டுச் சேலை எடுத்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் வழக்கம்போலவே இருந்தது.

பதினொன்றரைக்குத் தனுஷ்கோடி அண்ணாச்சி மேலே வந்தார். மேஜை வரிசைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற வழிதான் உண்டு. அதன் வாசலில் இசக்கி நின்றாள்.

"என்னட்டி இது, பொம்மை எங்க? எந்திரிங்க எல்லாரும். இருபத்தோரு நாளு நின்னாத்தான பசை பிடிக்கும்? ஒங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்." அவர் அதை மனதாரத்தான் சொன்னார். "இசக்கி, வழிய விடு."

இசக்கி விடவில்லை. அவர் ஓரமாக நுழையப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்து, பெண்பிள்ளையாயிற்றே என்று கையை மட்டும் பிடித்து இழுத்தார். பாதம் பதிந்த இடத்தில் இருந்தது. வாட்ச்மேன் மரியாதையாகக் கையை விட்டுவிட்டுக் கீழே போனார்.

"ஒன்ன இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்குதேன் பாரு."

"எழுதிக் குடுத்தாச்சு அண்ணாச்சி. முத்திரையும் குத்தியாச்சு. ஒரு மாசம் நான் இங்கதான்."

விதியைப் போட்டபோது கூட இருந்தவர் அவர். வழியை மறித்தவளுக்கு எதிரே, வழியைப் பார்த்தபடி அவரும் நின்றார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. கெண்டைக்காலில் நரம்பு இழுக்க ஆரம்பித்தது. ஒரு காலை மாற்றி நின்றார். தூணைத் தேடினார். அமலோற்பவம் அதைப் பார்த்து, "பாவம் அண்ணாச்சிக்கு ஒரு ஸ்டூல் குடுப்பமா?" என்றாள்.

"அஞ்சாயிரும்" என்றாள் இசக்கி திரும்பாமல். "பாதிக்குக் கீழ போயிரும். மூணாவது மாடியில ஆறு கெடக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி நொண்டிக்கொண்டே மாடி ஏறினார். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதை இசக்கிக்கு எதிரே போட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கடை நேரத்தில் உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு நேரம்தான் இப்படியே நிப்ப?" என்று கேட்டார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"கடை நேரம்தான் அண்ணாச்சி" என்றாள் இசக்கி.